டீமேக்கர் ஐயாவின் பியர்

கந்தப்பளை டவுனில் ஓய்வு பெற்ற டீமேக்கரைக் கண்டுபிடிக்க யாரையும் விசாரிக்க வேண்டாம். கடையில் பிளேன்டீ வந்ததும் உடனே குடிக்காதவர் அவர்தான். முதலில் மோப்பம். பிறகு அடுத்த மேசைக்காரர் திரும்பிப் பார்க்கும்படி ஓர் உறிஞ்சல். கடைசியில், யாரும் கேட்காத தீர்ப்பு: "வாட்டல் பத்தல." முப்பது வருடம் தேயிலை ஸ்டோரில் ரோலர் சத்தத்தில் நின்றவர், தீர்ப்பு கொஞ்சம் உரக்கத்தான் விழும்.

எங்கள் டீமேக்கர் ஐயாவுக்கு வேலையை விட்ட மூன்றாம் வருடம் பியர்ப் பித்துப் பிடித்தது. குடிக்கிற பித்து என்றால் யாரும் சட்டை செய்திருக்கமாட்டார்கள். இது காய்ச்சுகிற பித்து.

"சாமுவேல் பேக்கர் தொரை நூத்தி எழுவது வருசத்துக்கு முந்தியே நுவரெலியாவுல காய்ச்சினாரு. 1881ல கம்பெனியே வந்திருச்சு. இப்ப அது பியகமவுக்குப் போயிருச்சு. தண்ணியும் குளிரும் இங்கதானே தம்பி கெடக்கு?"

மோல்ட் பாகை டின்னில் வாங்கிக் கரைத்தால் சுலபமாமே என்றேன். அவமானப்பட்டுப்போனார். "டீ பேக்க முக்கி எடுக்கிறவனும் கொழுந்துல இருந்து தூள் எடுக்கிறவனும் ஒண்ணா?" தானியத்தை முளைகட்டி, காயவைத்து, இடித்து, வெந்நீரில் ஊறவைத்துச் சாறு இறக்க வேண்டும். அதுதான் பியராம்.

அனுமதிப்பத்திரம் இல்லாமல் காய்ச்சினால் 1912ஆம் ஆண்டு மதுவரிக் கட்டளைச் சட்டத்துக்குக் கசிப்பும் ஒன்றுதான், பியரும் ஒன்றுதான் என்று நினைவூட்டினேன். "ஈஸ்ட் போட்டாத்தானே சாராயம்? நான் அதுக்கு முந்தின ஸ்டேசன்ல எறங்கிக்கிறேன்" என்றார். (கந்தப்பளைக்கு ரயில் நின்றது 1940களில். பேச்சில் மட்டும் இன்னும் ஓடுகிறது.)

முதலில் கடைப் பார்லியை இரண்டு நாள் ஊறவைத்தார். அது உப்பியது, நாறியது, முளைக்கவில்லை. தீட்டிய பார்லி எப்படி முளைக்கும்? ஆனால் ஐயா கடைக்காரரைத்தான் ஏசினார். அடுத்தது குரக்கன். ஈரச் சாக்குக்குள் மூன்றாம் நாளே வெள்ளை வேர் எட்டிப் பார்த்தது. அதைக் கந்தப்பளை மூடுபனியில் காயவைக்க முடியுமா? அடுப்புக்கு மேலே தட்டுக் கட்டி, ராத்திரி இரண்டு தடவை எழுந்து கிளறிவிட்டார். "இதுவும் ட்ரையர்தான் தம்பி" என்றபோது முகத்தில் பழைய ஸ்டோர் வெளிச்சம்.

சாறு இறக்கும் நாளில் நானும் போயிருந்தேன். தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது, தெர்மாமீட்டர் 94ஐத் தாண்டவில்லை. அதை விற்ற கொழும்புக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று ஒரு மூச்சுத் திட்டி முடித்தார். ஆறாயிரம் அடிக்கு மேலே தண்ணீர் அவ்வளவில்தான் கொதிக்கும் என்றேன். "அது எனக்குத் தெரியாதா?" என்றார்.

குரக்கன் மாவு 65 பாகையில் ஒரு மணிநேரம் கிடக்க வேண்டும். சூடு ஏறினால் மாவைச் சீனியாக்குகிற நொதி செத்துப்போகும், இறங்கினால் சோம்பிவிடும். எங்கள் குளிரில் பானை பத்து நிமிடம் தாங்காது. வீட்டிலிருந்த ஒரே நல்ல கம்பளியை எடுத்துப் பானைக்குச் சுற்றினார். ஐயா வீட்டு அம்மா தோளில் துவாயைப் போர்த்திக்கொண்டு, பானையையும் புருஷனையும் மாறி மாறிப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

மணிநேரம் முடிந்து வடித்தார். செம்பட்டை நிறத்தில் நல்ல தித்திப்பான சாறு. கசப்புக்கு ஹொப்ஸ் பூ வேண்டும், அது கந்தப்பளையில் ஏது? ஐயா தயங்கவே இல்லை. ஒரு பிடி பி.ஓ.பி. தூளை அள்ளிப் போட்டுக் கொதிக்கவிட்டார்.

ஆறியதும் மோப்பம், உறிஞ்சல், கண்மூடல். "திடம் இருக்கு. கொஞ்சம் பச்ச வாசம். அடுத்த தடவ சரி பண்ணிரலாம்." பிறகு கோப்பையை அம்மாவிடம் நீட்டினார்.

அம்மா ஒரு வாய் குடித்தார். யோசித்தார். இன்னொரு வாய் குடித்தார்.

"நெஸ்டமோல்ட்டுல டீத்தூளு விழுந்த மாதிரி இருக்குங்க. இதுக்கா ரெண்டு கெழம? நெஸ்டமோல்ட் கடையில இருக்கே."

கம்பளியை உதறி எடுத்துக்கொண்டு உள்ளே போனார். மிஞ்சிய குரக்கன் சக்கையைப் பக்கத்து லயத்து மாட்டுக்கு வைத்தோம். அது மட்டும் ஒரு குறையும் சொல்லாமல் தின்றது.