ஏறினால்தான் குதிரைக்காரனா?

கேள்வி: பள்ளி நாட்களில் ஊட்டியில் குதிரை ஏறியவன் நான். நாற்பதைத் தாண்டியும் ஆசை விடவில்லை. ஒரு லாயத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். சவாரி எப்போது என்று கேட்டால் மண்வெட்டியை நீட்டுகிறார்கள். நான் குதிரைக்காரன் ஆவது எப்போது?
– ஒரு வாசகர், கோவை

பதில்: ஊட்டியில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாரே, அவர்தான் குதிரைக்காரர். நீங்கள் சுமை! இப்போதுதான் சரியான வாசல் வழியாக உள்ளே வந்திருக்கிறீர்கள்.

மண்வெட்டியை மட்டமாக நினைக்காதீர்கள். ஒரு குதிரை நாளொன்றுக்குச் சுமார் 20 கிலோ லத்தி போடும். அதை அள்ளுகிறவர்தான் குதிரையின் முதல் வைத்தியர். குதிரைக்கு வாந்தி எடுக்க வராது; அதனால் வயிற்றுக் கோளாறு என்றால் ஆபத்து. தீனியைத் தொடாமல், லத்தியும் போடாமல், வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்தால் உடனே கால்நடை டாக்டருக்குப் போன் போடுங்கள்.

நேர் பின்னால் நிற்கும் ஆள் குதிரையின் கண்ணுக்குத் தெரியமாட்டார். பேச்சுக் கொடுத்தபடி தோள் பக்கமாகப் போங்கள். காது இரண்டும் பின்னால் படிந்தால் பேச்சுவார்த்தை முறிந்தது என்று அர்த்தம், விலகிவிடுங்கள்.

சேணத்தின் வயிற்றுப்பட்டையை இறுக்கும்போது சில குதிரைகள் வயிற்றை உப்பிக்கொள்ளும். நாலடி நடத்திவிட்டு மறுபடி இறுக்குங்கள். மறந்தால், ஏறும்போது சேணம் சுழன்று நீங்கள் குதிரைக்குக் கீழே சவாரி போவீர்கள்!

கொள்ளுக்கு வாய் திறக்கும் குதிரை கடிவாளத்துக்கு மூடிக்கொள்ளும் என்பார்கள். தினமும் கொள்ளு வைக்கிற கையே கடிவாளத்தையும் நீட்டினால் பாதிச் சண்டை மிச்சம். அந்தக் கைக்கு மாதச் சம்பளமும் வருகிறதே, அப்புறம் என்ன அவசரம்?