பட்டுவாடா மகிமை

நாளுக்கு 3 முதல் 5 மணி நேரப் பணியும், பிழைப்புக்கு வேறு வருமானம் வேண்டும் என்ற நிபந்தனையும் வாய்க்கப்பெற்ற கிராமிய அஞ்சல் ஊழியர், அதாவது அஞ்சல் துறைக்கு உழைத்தும் அதன் முழுநேர ஊழியராகாத பாக்கியசாலிகள், 2018 மே 22 அன்று நாடு தழுவிய காலவரையற்ற வேலைநிறுத்தத்தில் இறங்கியது நன்றி மறந்த செயலே.

அந்தமான் நிக்கோபாருக்கு இதனால் இழப்பில்லை. கொல்கத்தாவிலிருந்து ஆளப்படும் மேற்கு வங்க அஞ்சல் வட்டத்தில் அடங்கி, கப்பலையும் கடலின் மனநிலையையும் நம்பிக் காத்திருக்கும் அத்தீவுகளின் காம்ப்பெல் பே வாடிக்கையாளருக்கு, தபால் வராதது வேலைநிறுத்தத்தாலா வானிலையாலா என்று ஆராயும் சிரமமே இல்லை.

கிராமிய அஞ்சல் ஊழியருக்கு ஊதிய உயர்வைப் பரிந்துரைத்து 2016 நவம்பரில் அளிக்கப்பட்ட கமலேஷ் சந்திரா குழு அறிக்கையோ, ஒன்றரை ஆண்டு உறங்கி, பட்டுவாடா நின்ற 16 நாட்களுக்குள் அமைச்சரவையை அடைந்து, ஜூன் 6 அன்று ஒப்புதலும் பெற்றது; ஆகவே விரைவு அஞ்சலை மேம்படுத்த விரும்பும் அரசு, தபால்காரர்களை அடிக்கடி வேலைநிறுத்தம் செய்யப் பணிப்பதே உசிதம்.