சி3 காரின் பின்கண்ணாடிச் சுவிட்ச்: மேற்குப் புறநகரை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுக்கு ஒரு தலைப்பு வேண்டும். தலைப்பின் நடுவில் முக்காற்புள்ளி வேண்டும். கடைசியில் 'ஓர் ஆய்வு' என்று இருந்தே ஆகவேண்டும். இந்த மூன்றும் அமைந்துவிட்டால் கருத்தரங்கில் காலை அமர்வு உறுதி, பொன்னாடையும் உண்டு. பொருள் எதுவாக இருந்தால் என்ன?

இவ்வாய்வின் எல்லைகளாவன: கிழக்கே பாடி மேம்பாலம், தெற்கே பூந்தமல்லி, மேற்கே திருநின்றவூர். வடக்கு எல்லை வகுக்கப்படவில்லை. அந்தப் பக்கம் போக ஆய்வாளருக்கு வேலை எதுவும் வரவில்லை.

ஆய்வுப் பொருள், 2022 ஜூலையில் விற்பனைக்கு வந்த சிட்ரோயன் சி3. பெயர் பிரெஞ்சு, பிறப்பு திருவள்ளூர். ஒரு காலத்தில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் மிட்சுபிஷி லான்சரைச் செய்த அதே தொழிற்சாலையில்தான் இதுவும் உருவாகிறது. எஞ்சினும் கியர்பாக்ஸும் ஓசூரிலிருந்து வருகின்றன. உதிரி பாகங்களில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் இந்தியாவிலேயே செய்தவை என்று அறிமுகத்தின்போது நிறுவனம் சொன்னது. ஆக, ஆவடியிலிருந்து அரை மணி ரயில் பயணத்தில் பிறந்த ஒரு வண்டியை அம்பத்தூர்க்காரர் ஒருவர் வாங்கி, டிஎன்-13 எண் போட்டு, 'ஃபாரின் கார்' என்று மாமனாரிடம் காட்டுகிறார். மாமனார் நம்புகிறார். இதில் யாருக்கும் நட்டமில்லை.

இந்தப் பொருள் முனைவர் பட்டத்துக்குச் சிறியது, எம்.ஃபிலுக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் இருந்திருக்கும். ஆனால் சி3 வந்த அதே 2022-ல் யுஜிசி எம்.ஃபில். பட்டத்தையே நிறுத்திவிட்டது. இரண்டு நிகழ்ச்சிகளுக்கும் தொடர்பு இல்லை என்பதற்குச் சான்று எதுவும் கிடைக்கவில்லை. இல்லை என்பதற்குச் சான்று இல்லாததை உண்டு என்பதற்குச் சான்றாகக் கொள்வது நம் ஆய்வுலகில் நெடுநாள் வழக்கு. குமரிக்கண்டமே அப்படித்தான் இத்தனை ஆண்டுகள் மிதந்துகொண்டிருக்கிறது.

இந்தியாவில் பிரெஞ்சுக் கார்களின் வரலாற்றுப் பின்னணி சுருக்கமாக. 1990-களில் பிரீமியர் நிறுவனத்தோடு சேர்ந்து பெஜோ 309 வந்தது, போனது. 2007-ல் மஹிந்திராவின் கைபிடித்து ரெனோ லோகன் வந்தது, அதுவும் போனது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் தொழிற்சாலை திறந்தது. 2015-ல் அங்கிருந்து வந்த க்விட் மட்டும் தெருத்தெருவாக நிலைத்தது. அதன் சக்கரத்தில் நட்டு மூன்றே மூன்று என்பதைக் கண்டு பஞ்சர் கடைகள் முதலில் திகைத்தன. (சான்று: பஞ்சர் கடை ரசீது, பின்பக்கம்.)

சின்னம் பற்றி ஒரு குறிப்பு. சிட்ரோயனின் இரட்டைக் கூரை வடிவம், நிறுவனர் ஆந்த்ரே சிட்ரோயன் தொடக்கத்தில் செய்து விற்ற மீன்முள் வடிவப் பற்சக்கரத்திலிருந்து வந்தது. ஆவடியில் இந்த விளக்கம் எடுபடாது. அங்கே ராணுவக் குடியிருப்புகளில் வளர்ந்தவர்கள் அதைப் பார்த்ததும் 'ரெண்டு பட்டை, நாயக்' என்று படித்துவிடுகிறார்கள். பட்டை தலைகீழாக இருப்பதால் பதவி இறக்கம் நடந்திருக்கலாம் என்பது அவர்கள் கருத்து.

இனி வகைப்பாடு.

டிக்கி: 315 லிட்டர், திருவேற்காட்டில் வண்டிக்குப் பூஜை போட்டுத் திரும்பும்போது போதும், கல்யாணத்துக்குப் போகும்போது போதாது.

பின் வைப்பர்: 2022 வண்டிகளில் இல்லை; 2023-ல் வந்த ஷைன் வகையில் உண்டு; இடையில் ஒரு மழைக்காலம் போனது.

சஸ்பென்ஷன்: இங்கே சற்று நின்று போகவேண்டும். 1948-ல் வெளிவந்த சிட்ரோயன் 2சிவி காருக்கு இடப்பட்ட நிபந்தனை உலகப் புகழ் பெற்றது: உழுத வயலில் ஒரு கூடை முட்டையோடு ஓட்டினால் முட்டை உடையக்கூடாது. அம்பத்தூரில் உழுத வயல் கிடையாது. பாதாளச் சாக்கடைக்குத் தோண்டி, மண்ணைத் தள்ளி, அதன்மேல் ஜல்லி கொட்டி, அப்படியே விட்டுப்போன தெருக்கள் உண்டு. முட்டைக்குப் பதில் இட்லி மாவுப் பாக்கெட்டை வைத்து இங்கே ஆய்வு நடத்தப்படுகிறது. முடிச்சு அவிழாமல் வீடு சேர்ந்தால் தேர்ச்சி. தரையிலிருந்து 180 மில்லிமீட்டர் உயரமும் 195/65 ஆர்15 டயரும் இருப்பதால் சி3 இந்தத் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்குகிறது. பெருமைக்காக டயரை மாற்றி, ரப்பர் குறைந்த பெரிய அலாய் போடுகிறவர்கள் மாவை மடியில் வைத்துக்கொள்ள நேரிடும்.

டேங்க்: 30 லிட்டர். குடும்பக் காருக்கு இது சிறியது. அறிமுகத்தின்போது 82 குதிரைத்திறன் எஞ்சினுக்குச் சான்றளிக்கப்பட்ட மைலேஜ் லிட்டருக்கு 19.8 கிலோமீட்டர். பெருக்கினால் 594. மேற்குப் புறநகரில் நெல்லைக்காரர்கள் ஏராளம். சென்னையிலிருந்து நெல்லை ஏறத்தாழ 620. காகிதக் கணக்குப்படி வண்டி கயத்தாறு வாக்கில் நின்றுபோகும். 1799-ல் கட்டபொம்மன் கதை முடிந்ததும் கயத்தாற்றில்தான். இந்த ஒற்றுமையை வைத்து இரண்டு நாள் தேசியக் கருத்தரங்கு நடத்தலாம், மலர் வெளியிடலாம், ஆய்வாளர் ஒருவருக்குக் கட்டணம் ஆயிரத்து ஐந்நூறு, மதிய உணவு நீங்கலாக. உண்மையில் பாடியிலும் கரையான்சாவடியிலும் ஊர்ந்துவிட்டு வருகிற வண்டிக்கு அந்த 19.8 எட்டாக்கனி. முள் பாதிக்கு வந்ததும் பங்க்கில் ஒதுங்குவதே இந்தக் காருக்கு நல்ல பழக்கம். (காண்க: சர்வீஸ் பில், 'இதர செலவு' என்ற வரி, கிரீஸ் கறையால் பாடம் சிதைந்துள்ளது, தொகை மட்டும் எல்லாப் பிரதிகளிலும் தெளிவு.)

இனி மையச் சிக்கல்.

2022 சி3-ல் பின்கதவுக் கண்ணாடியை ஏற்றி இறக்கும் சுவிட்ச் பின்கதவில் இல்லை. ஓட்டுநரின் கதவிலும் இல்லை. இரண்டு முன் இருக்கைகளுக்கு நடுவே, ஹேண்ட் பிரேக்குக்குப் பின்னால் இருக்கிறது. காரணம் எளிது: ஒரே இடத்தில் வைத்தால் சுவிட்சும் வயரும் மிச்சம், ஸ்டியரிங் வலப்பக்கம் இருக்கும் நாட்டுக்கும் இடப்பக்கம் இருக்கும் நாட்டுக்கும் அதே அமைப்பு செல்லும். பொறியாளருக்கு இது இரண்டு வரி. குடும்பத்துக்கு அப்படியல்ல. பின்னால் ஏசி துவாரம் கிடையாது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் சிக்கலின் ஆழம் விளங்கும்.

பின்னிருக்கையின் இடப்பக்கம் பாட்டி. "ஏம்ப்பா, காத்தே வரல, கொஞ்சம் எறக்கேன்" என்கிறார். ஓட்டுகிற மகன் அம்பத்தூர் ஓ.டி. சிக்னலில் கிளட்ச்சும் பிரேக்குமாகத் தவிக்கிறார். இடக்கையைப் பின்னால் விட்டுத் துழாவி, தவறான பக்கத்துக் கண்ணாடியை இறக்குகிறார். வலப்பக்கம் இருந்த மருமகளின் முகத்தில் லாரிப் புகை. "அத்தைதாங்க காத்து கேட்டாங்க" என்கிறார் அவர், குரலை உயர்த்தாமல். உயர்த்தாத அந்தக் குரலுக்கு உரை எழுதத் தனி நூல் வேண்டும்.

இந்தச் சுவிட்ச் யாருக்கு உரியது என்பதில் மூன்று மரபுகள் உள்ளன.

அம்பத்தூர் மரபு: ஓட்டுநருக்கே உரியது. தொழிற்பேட்டையில் இயந்திரத்தின் முன் நிற்பவர் கையில்தான் சுவிட்ச் இருக்கும். பக்கத்தில் நிற்பவர் தொட்டால் மெமோ. இந்த மரபினர் சண்டையைத் தவிர்ப்பதற்காகக் கண்ணாடியை இறக்குவதே இல்லை.

ஆவடி மரபு: தளபதிக்கு உரியது. 1961-ல் நிறுவப்பட்ட கனரக வாகனத் தொழிற்சாலை இவ்வூரில் இருப்பதன் தாக்கம் இது. அங்கே உருவான டி-72-ல் மூவர், அர்ஜுன் டாங்கியில் நால்வர். ஓட்டுபவர் ஓட்டுவார், ஆணை மட்டும் இன்னொருவருடையது. ஆகவே முன்னிருக்கையில் ஓட்டாமல் உட்கார்ந்திருப்பவரே கண்ணாடிக்குத் தளபதி. டாங்கியில் ஜன்னலே கிடையாதே என்ற தடைக்கு இம்மரபினர் இதுவரை விடை சொல்லவில்லை. சொல்ல அனுமதி இல்லை என்கிறார்கள்.

பூந்தமல்லி மரபு: எட்டுகிறவருக்கு உரியது. யாருக்கு எட்டும்? பின்னிருக்கையின் நடுவில், இருபுறமும் நெருக்கப்பட்டு, கால் வைக்க இடமில்லாமல் காலை முன்னே நீட்டும் பேரப்பிள்ளைக்கு. பெருவிரல் சரியாகச் சுவிட்சின்மேல் போய் நிற்கும். மெட்ரோ வேலையால் சாலை சுருங்கிய ஆண்டுகளில் போரூருக்கும் கரையான்சாவடிக்கும் நடுவே மணிக்கணக்காக நின்ற குழந்தைகள் கண்ணாடியைக் காலாலேயே இயக்கத் தேர்ந்தார்கள் என்கிறது இந்த மரபு. இதுவே கால்விரல் கோட்பாடு.

இதற்குச் சான்று கேட்பவர்களுக்கு: (ஒப்பிடுக: குடும்ப வாட்ஸ்அப் குழு, 'திருப்பதி ட்ரிப் ஃபைனல் 2', சின்ன மாமாவின் குரல்பதிவு, அதை மறுத்து அத்தையின் குரல்பதிவு, குக்கர் விசிலால் இடையிடையே பாடம் தேய்ந்துள்ளது, மறுப்புக்கு மறுப்பாக ஒரு கட்டைவிரல் சின்னம், அது உடன்பாட்டைக் குறித்ததா, குழந்தையின் கால் கட்டைவிரலைக் குறித்ததா என்பதில் உரைகாரர் வேறுபடுவர், 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என வரும் இரண்டு இடங்களும் பிற்கால இடைச்செருகல், மேலும் காண்க, அதே குழு, ரோஜாப்பூ போட்ட காலை வணக்கங்களுக்குக் கீழே, யாரும் படிக்காத சர்வீஸ் நினைவூட்டல்.)

பிரெஞ்சுக்காரர்களுக்குக் கண்ணாடியோடு இந்தப் பிணக்கு புதிதல்ல. 2சிவி காரின் முன்கதவுக் கண்ணாடி கீழே இறங்காது. பாதியாக மடிந்து மேலே போய் நிற்கும். 1955-ல் வந்த டிஎஸ் காருக்கு ஸ்டியரிங்கில் ஒரே ஒரு ஆரக்கால். பிரேக் பெடல் இருக்கவேண்டிய இடத்தில் காளான்போல ஒரு குமிழ். உலகம் செய்வதை அப்படியே செய்வதில் அவர்களுக்குக் கூச்சம். நம் ஆய்வாளர்களுக்கு அந்தக் கூச்சம் இருப்பதாகத் தெரியவில்லை.

2024 ஆகஸ்டில் வந்த புதுப்பிப்பில் சுவிட்சுகள் கதவுக்கே போய்விட்டன. ஆறு ஏர்பேக், தானியங்கி ஏசி, மடங்கும் பக்கக் கண்ணாடிகள் எல்லாம் சேர்ந்தன. மூன்று மரபுகளும் ஒரே நாளில் காலாவதியாகின. பொருளே மறைந்த பிறகு ஆய்வு தொடரலாமா என்று கேட்பது பிழை. பொருள் மறைந்த பிறகுதான் துறை தொடங்கும்.

களப்பணி பற்றி ஒரு சொல். பல்கலைக்கழகங்களில் கார் பராமரிப்பை நன்கு அறிந்தவர்கள் ஆய்வு மாணவர்கள்தாம். நெறியாளரின் வண்டியைக் காலையில் சர்வீசுக்கு விட்டு, மாலையில் எடுத்துவந்து, பில்லைக் காட்டத் தயங்கி நிற்பது அவர்களுடைய பாடத்திட்டத்தில் எழுதப்படாத தாள். இக்கட்டுரையின் செய்முறைக் குறிப்புகளை அவர்களே எழுதியிருந்தால் இன்னும் துல்லியமாக இருந்திருக்கும்.

அந்தக் குறிப்புகள் இவை. இவற்றில் விளையாட்டு இல்லை. 2023 டிசம்பர் மிக்ஜாம் மழையைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பகுதியின் தண்ணீர் தெரியும். ரயில்வே சுரங்கப்பாதையிலோ ஏரியோரத் தெருவிலோ வண்டி தண்ணீரில் நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது. காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. சிலிண்டருக்குள் நீர் போயிருந்தால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். தள்ளி வெளியே எடுத்து, டோ வண்டியில் ஏற்றவேண்டும். சாதாரண காப்பீடு இந்தச் செலவைப் பெரும்பாலும் தராது. 'எஞ்சின் புரொடெக்ட்' என்ற கூடுதல் பிரிவைப் பாலிசி புதுப்பிக்கும்போதே கேட்டுச் சேர்த்துக்கொள்ளவேண்டும். நெரிசலில் கிளட்ச்மேல் கால் வைத்தபடியே ஊர்ந்தால் கிளட்ச் தட்டு சீக்கிரம் தேயும். முன்வண்டி நகர்ந்து இடைவெளி விழுந்தபின் எடுத்தால் போதும். தூசி மிகுந்த சாலையில் ஓடும் வண்டிக்கு ஏசி ஃபில்டரையும் ஏர் ஃபில்டரையும் புத்தகம் சொல்லும் கெடுவுக்கு முன்பே கழற்றிப் பார்க்கச் சொல்லலாம்.

விற்பனை குறைவான எந்த மாடலை வாங்கினாலும் ஷோரூமைப் பார்ப்பதற்கு முன் சர்வீஸ் சென்டரைப் பார்க்கவேண்டும். அது வீட்டிலிருந்து எத்தனை சிக்னல் தள்ளி என்று எண்ணவேண்டும். ஒரு பம்பரும் ஒரு ஹெட்லைட்டும் வர எத்தனை நாள் ஆகும் என்று அங்கே வண்டி விட வந்திருப்பவரிடம் கேட்கவேண்டும், விற்பவரிடம் அல்ல.

செகண்ட் ஹேண்டில் 2022, 2023 சி3 தேடுபவர்களுக்கு இன்னும் ஒன்று. அந்த வண்டிகளில் ஏர்பேக் இரண்டுதான். அதே உடலமைப்புள்ள மின்சார இ-சி3, 2024 மார்ச்சில் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் பெரியவர்கள் பாதுகாப்புக்குப் பூஜ்ய நட்சத்திரமும் குழந்தைகளுக்கு ஒன்றும் பெற்றது. விலை பேசும்போது இதையும் சேர்த்துப் பேசுங்கள். குழந்தைகளோடு அடிக்கடி நெடுஞ்சாலைக்குப் போகிற குடும்பம் என்றால், கொஞ்சம் கூடக் கொடுத்தாவது 2024 ஆகஸ்டுக்குப் பிந்தைய, ஆறு ஏர்பேக் உள்ள வண்டியையே வாங்குங்கள்.