குண்டு விழுந்த தூரம் வரைக்கும்

கடலூருக்குப் பக்கத்தில் குண்டு உப்பலவாடி என்று ஓர் ஊர். பெயரைக் கேட்ட வெளியூர்க்காரர்கள் முதலில் ஊர்க்காரர்களின் இடுப்பைத்தான் பார்ப்பார்கள். ஏமாந்து போவார்கள். இது பீரங்கிக் குண்டு. 1690-ல் இங்கிலாந்துக் கம்பெனிக்காரர்கள் தேவனாம்பட்டினத்திலிருந்து வானத்தைப் பார்த்துச் சுட்டார்கள். குண்டு விழுந்த தூரம் வரைக்கும் உள்ள ஊரெல்லாம் கம்பெனிக்குச் சொந்தம் என்று ஆனது. அந்தக் குண்டுதான் பெயரில் ஒட்டிக்கொண்டது என்று இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வார்கள். சர்வேயர் வரவில்லை, சங்கிலி பிடிக்கவில்லை, வில்லங்கச் சான்றிதழ் கேட்கவில்லை. நானோ மூன்றரை சென்ட் மனைக்குப் பட்டா மாற்ற ஒன்றரை வருடம் அலைந்தவன். வயிறு எரியாமல் எப்படி இருக்கும்?

அந்தச் சமயத்தில் சென்னைக் கோட்டையில் கவர்னராக உட்கார்ந்திருந்தவர் எலிஹு யேல். பெயரில்தான் எலி, செய்ததெல்லாம் பூனைக் காரியம். அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகம் இருக்கிறதே, அந்த யேல்தான். இவருடைய குலத்தை நோண்டிப் பார்த்தால், இடம் பிடிப்பதில் மூன்று தலைமுறைத் தேர்ச்சி தெரிகிறது.

குலம் பேசுவது எங்கள் பக்கத்தில் புதிதல்ல. சிதம்பரத்தில் தில்லை மூவாயிரவர் என்று சொல்வார்கள். மூவாயிரம் பேர் வந்து சேர்ந்து, தலையை எண்ணிப் பார்த்தால் ஒன்று குறைகிறது. எல்லோரும் கையைப் பிசைய, அந்த ஓர் ஆள் நான்தான் என்று நடராஜரே குரல் கொடுத்துக் கணக்கை நேர் செய்தாராம். யேல் குடும்பத்தை எண்ணினாலும் ஆட்கள் குறைகிறார்கள். அங்கே கடவுள் உட்பட யாரும் குரல் கொடுக்கவில்லை.

பாட்டியிலிருந்து ஆரம்பிப்போம். பாட்டி இல்லாமல் எந்தக் குடும்பக் கதையும் சூடு பிடிக்காது.

யேல் என்பது வேல்ஸ் நாட்டில் ஒரு மலைப்பாங்கான பகுதியின் பெயர். நாம் ஊர்ப் பெயரை இனிஷியலில் சுமப்பதுபோல அவர்கள் வாலில் சுமந்தார்கள். அந்த வீட்டில் வாழ்க்கைப்பட்டவர் ஆன் லாய்டு. செஸ்டர் பிஷப்பின் மகள். கணவர் தாமஸ் யேல் காலமான பிறகு, தியோஃபிலஸ் ஈட்டன் என்ற லண்டன் வியாபாரியை மணந்தார். ஈட்டன் மதப்பற்று முற்றிய பியூரிட்டன். இங்கிலாந்தில் கிறிஸ்தவம் போதாது என்று நினைத்து, 1637-ல் குடும்பம் கோஷ்டி சகிதம் கப்பலேறி அமெரிக்கா போனார். கப்பலில் ஆன் பாட்டி, முதல் கணவரின் பிள்ளைகளான டேவிட் யேல், தாமஸ் யேல், இரண்டு பக்கத்துக் குழந்தைகள், எல்லாவற்றுக்கும் மேலாக ஈட்டனின் அம்மா. மாமியாரோடு அட்லாண்டிக் கடப்பதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

1638-ல் போய் இறங்கிய இடம்தான் நியூ ஹேவன். அங்கே குவினிப்பியாக் என்ற பழங்குடி மக்கள் ஏற்கெனவே இருந்தார்கள். அவர்களிடம் நிலத்தை முறைப்படி ‘வாங்கினார்கள்’. கொடுத்த விலை: கோட்டு 12, கரண்டி 12, கைக்கோடாரி 12, மண்வெட்டி 12, கிண்ணம் 12, கத்தி இரண்டு டஜன், பிரெஞ்சுக் கத்தியும் கத்தரிக்கோலுமாக நாலு பெட்டி. நம் பக்கத்தில் ஒரு சுமாரான கல்யாணத்துக்கே இதைவிட அதிகமாகப் பாத்திரம் வைப்பார்கள். அவர்களோ ஒரு நகரத்தையே வாங்கிவிட்டார்கள்.

ஈட்டன் ஊருக்குக் கவர்னர் ஆனார். ஊர் அடங்கியது, வீடு அடங்கவில்லை. குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பது தப்பு என்று ஆன் பாட்டி ஒரு புத்தகத்தைப் படித்துவிட்டு, அந்தச் சடங்கு ஆரம்பித்ததும் கோயிலை விட்டு எழுந்து போக ஆரம்பித்தார். சபை விசாரணை வைத்தது. விசாரணை என்றால் எதிர்வீட்டுச் சாட்சி உண்டல்லவா? மாமியாரை அறைந்தார், மூத்தாள் மகளைக் கிள்ளினார் என்று ஒவ்வொன்றாக வெளியே வந்து, எல்லாம் சபையின் ஏட்டில் ஏறிவிட்டது. 1645-ல் பாட்டியைச் சபையிலிருந்தே விலக்கிவைத்தார்கள். கவர்னர் பெண்டாட்டி ஊர் விலக்கு! மாமியாரை அறைந்த மருமகள்கள் உலகத்தில் எத்தனையோ பேர். சபை ஆவணத்தோடு அறைந்தவர் இவர்தான்.

இந்த லட்சணத்தில் எந்தப் பிள்ளைதான் வீட்டில் தங்குவான்? மூத்தவர் டேவிட் பாஸ்டனுக்குத் தனிக்குடித்தனம் போனார். அங்கே 1649-ல் பிறந்தவர்தான் நம்ம எலிஹு. 1652-ல் டேவிட் குடும்பத்தைத் தூக்கிக்கொண்டு இங்கிலாந்துக்கே திரும்பிவிட்டார். மூன்று வயதில் அமெரிக்காவை விட்ட பையன் அதற்கப்புறம் சாகும்வரை அந்தத் திசையில் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. சித்தப்பா தாமஸின் கிளைதான் நியூ ஹேவனில் வேர் விட்டது. அவரைக் கடைசியில் கவனிக்கிறேன்.

எலிஹு 1672-ல் சென்னையில் வந்து இறங்கினார். கம்பெனியில் எழுத்தர் வேலை. சம்பளம் வருடத்துக்குப் பத்து பவுன். நான் ‘கிம்பளம்’ என்று எழுதவில்லை, கம்பெனிக்காரர்கள் அதைத் தனி வியாபாரம் என்பார்கள். வைரம், துணி என்று பக்கவாட்டில் ஓடிய அந்த ஆறுதான் பின்னாளில் பெரிய சொத்தாகச் சேர்ந்தது.

கல்யாணமும் சாமர்த்தியமாகத்தான். கவுன்சிலில் இரண்டாம் இடத்தில் இருந்த ஜோசப் ஹின்மர்ஸ் 1680-ல் இறந்தார். அதே வருடம் நவம்பர் 4-ம் தேதி அவருடைய மனைவி கேத்தரினை யேல் கைப்பிடித்தார். கோட்டைக்குள் புனித மேரி ஆலயத்தைத் திறந்து அப்போது ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. சுண்ணாம்பு காய்வதற்குள் அங்கே நடந்த முதல் கல்யாணம். நமது ஊர் என்றால், வருஷ திவசம்கூட வரலியே என்று அத்தைமார்கள் முகவாயில் கை வைத்திருப்பார்கள்.

இனி கடலூர். 1680-களின் தொடக்கத்திலேயே யேல் செஞ்சிக்குப் போய் மராத்தியரிடம் இந்தப் பக்கம் வியாபாரம் செய்ய இடம் கேட்டுப் பேசிவிட்டு வந்தவர். கவர்னரான பிறகு காலம் கனிந்தது. சிவாஜியின் மகன் ராஜாராம், முகலாயர் துரத்த, செஞ்சிக்கோட்டையில் வந்து உட்கார்ந்திருந்தார். கோட்டை வலுவானது, பெட்டிதான் காலி. தேவனாம்பட்டினத்தில் இருந்த கோட்டையை விற்க முன்வந்தார். டச்சுக்காரர்களும் மோப்பம் பிடித்து வந்திருந்தார்கள். கம்பெனி முந்திக்கொண்டது. கிரய ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து: கோட்டையோடு, பெரிய பீரங்கி ஒன்றின் குண்டு போய் விழும் தூரம் வரைக்கும் சுற்றுவட்டம் முழுவதும் சேர்த்தி.

இப்படி ஒரு ஷரத்தைப் படித்தால் நீங்களும் நானும் என்ன செய்வோம்? இருக்கிற பீரங்கியில் சுடுவோம். யேல் நல்ல பித்தளைப் பீரங்கியாகப் பொறுக்கி, தூரச் சுடத் தெரிந்த ஆளாகப் பார்த்துச் சென்னையிலிருந்து அனுப்பிவைத்தார். 1690 செப்டம்பரில் திசைக்கொரு குண்டு பறந்தது. கடலூர் ஊரே உள்ளே வந்துவிட்டது. கம்பெனிக் கணக்கில் அவை ‘குண்டு கிராமங்கள்’ ஆயின.

அளக்கிற வித்தை நமக்குத் தெரியாததல்ல. இதே தென்னார்க்காட்டுத் திருக்கோவிலூரில் உலகளந்த பெருமாள் காலைத் தூக்கி நிற்கிறார். மூன்றடி கேட்டு உலகத்தை எடுத்தவர். ஆனால் அவரிடமும் ஒரு நியாயம் இருந்தது. மூன்றாவது அடிக்கு, எங்கே வைக்கட்டும் என்று மாவலியைக் கேட்டார். உப்பலவாடிக்காரர்களை யாரும் கேட்கவில்லை. காலையில் வரப்பில் நின்றவர் ராஜாராமின் குடி. மத்தியானம் தலைக்கு மேலே ஏதோ ஒன்று உய்யென்று போனது. சாயங்காலம் அவர் கம்பெனியின் குடி. கல்லில் கட்டிக் கடலில் தள்ளியும் அப்பர் அதே கல்லில் மிதந்து கரையேறிய தலம் திருப்பாதிரிப்புலியூர். ஆகவே கனமான பொருள்கள் விசித்திரமாக நடந்துகொள்வது எங்களுக்குப் பழக்கம்தான்.

கோட்டைக்குச் செயின்ட் டேவிட் என்று பெயர் வைத்தார்கள். டேவிட், வேல்ஸ் நாட்டின் காவல் புனிதர். யேலின் அப்பா பெயரும் டேவிட். சென்னையில் பிறந்து சிறு வயதிலேயே 1688-ல் இறந்துபோன ஒரே மகன் பெயரும் டேவிட். அந்தக் குழந்தை, அம்மாவின் முதல் கணவர் ஹின்மர்ஸின் கல்லறையில்தான் அடக்கமானது. இன்று அந்த இடம் சென்னை உயர் நீதிமன்ற வளாகம். 2023-ல், வாகன நிறுத்தம் கட்டுவதற்காக அந்தக் கல்லறையை வேறிடத்துக்கு மாற்றச் சொல்லி நீதிமன்றம் உத்தரவு போட்டது. பீரங்கியால் நிலம் அளந்தவரின் மகனுக்கு ஆறடி நிலத்தில் தகராறு.

1692-ல் யேலின் பதவி போனது. கம்பெனி அவரை நீக்கியதற்குக் காரணம், கம்பெனியை முந்திக்கொண்டு தானே சம்பாதித்தது. திருடன் வீட்டில் திருடினால் கோபம் வராதா? வழக்கு, விசாரணை என்று ஏழு வருடம் இங்கேயே உழன்று, 1699-ல்தான் மூட்டையோடு இங்கிலாந்து சேர்ந்தார். குடும்பத்தில் மூன்று மகள்கள். ஹெரோனிமா தே பைவா என்ற போர்த்துகீசிய யூத விதவையிடம் பிறந்த சார்லஸ் என்ற மகனும் உண்டு. வம்சாவளிப் படத்தில் அவனைப் புள்ளிக்கோட்டில் போடுவார்கள். அவனும் தென்னாப்பிரிக்காவில் இளமையிலேயே இறந்தான். பின்னாளில் உயிலுக்கு நகல் எழுத உட்கார்ந்த யேல், மனைவி கேத்தரினைத் துஷ்டை என்று குறிப்பிட்டுவிட்டு, அவருக்கு எவ்வளவு என்ற இடத்தைக் காலியாகவே விட்டாராம். ஆன் பாட்டியின் பேரன் அல்லவா, சண்டையை ஆவணத்தில் போடும் பழக்கம் எங்கே போகும்?

கணக்கில் குறைகிற மற்றவர்களையும் சொல்லிவிடுகிறேன், இதில் சிரிக்க ஒன்றுமில்லை. யேல் தலைமை வகித்த காலத்தில் சென்னையிலிருந்து புறப்பட்ட கப்பல்களில் செயின்ட் ஹெலினா தீவுக்கு அடிமைகள் ஏற்றப்பட்டார்கள். அவருடைய ஓர் ஓவியத்தில், குடும்பத்தார் மது அருந்தும் மேசைக்குப் பக்கத்தில் கழுத்தில் உலோக வளையம் பூட்டிய கறுப்புச் சிறுவன் நிற்கிறான். அவன் பெயர் எந்தக் கொடிவழியிலும் இல்லை. 2024-ல் யேல் பல்கலைக்கழகம் அடிமை முறையோடு தனக்கிருந்த தொடர்புக்கு மன்னிப்புக் கேட்டது.

பல்கலைக்கழகம் வந்த கதைக்கு வருவோம். பாட்டி கரண்டி கொடுத்து வாங்கிய அதே நியூ ஹேவனில் ஒரு சின்னக் கல்லூரி, 1701-ல் தொடங்கியது, கட்டடம் முடிக்கப் பணமில்லாமல் திண்டாடியது. காட்டன் மேதர் என்ற பாதிரியார் யேலுக்குக் கடிதம் போட்டார். பிள்ளைகுட்டிகளால் நிற்கும் பெயரைவிட, எகிப்து பிரமிடைவிட, கல்லூரிக்கு வைத்த பெயர் நிலைக்கும் என்பது கடிதத்தின் சாரம். ஆண் வாரிசு இல்லாத கிழவருக்கு இதைவிடத் தைக்கிற ஊசி உண்டா? 1718-ல் அனுப்பிவைத்தார்: ஒன்பது மூட்டை துணிமணி, 417 புத்தகங்கள், ராஜா ஜார்ஜின் படம் ஒன்று. மூட்டைகளை விற்றதில் 562 பவுன் தேறியது. கல்லூரிக்கு யேல் பெயர் விழுந்தது. பாட்டி காலத்தில் 12 கோட்டுக்கு ஊர், பேரன் காலத்தில் ஒன்பது மூட்டைக்குப் பல்கலைக்கழகம். இந்தக் குடும்பத்தைத் துணி கைவிட்டதே இல்லை.

இங்கே நான் சிதம்பரத்தின் சார்பில் கொஞ்சம் எரிச்சல்பட அனுமதியுங்கள். எங்கள் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரும் குடியேறிய குலம்தான். நகரத்தார் காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்கள் மரபு. 1929-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் உருவானபோது அவர் கொடுத்தது 20 லட்சம் ரூபாய். அன்றைய மாற்றுக் கணக்கில் சுமார் ஒன்றரை லட்சம் பவுன். இரண்டு நூற்றாண்டு விலைவாசி வித்தியாசம் இருக்கிறதே என்று பொருளாதாரம் படித்தவர்கள் எழுந்து நிற்க வேண்டாம், எனக்கும் தெரியும். ஆனாலும் 562 பவுனுக்கு எங்கள் ஊரில் ஹாஸ்டல் மெஸ்ஸுக்குக்கூடப் பெயர் வைத்திருக்க மாட்டார்கள்.

செயின்ட் டேவிட் கோட்டைக்கும் ஒரு காலம் இருந்தது. 1746-ல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர் பிடித்தபோது, கிளைவ் மாறுவேடத்தில் தப்பி ஓடிவந்தது இங்கேதான். 1752 வரை கம்பெனிக்கு இதுதான் தலைநகர். 1758-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி வந்து தரைமட்டமாக்கினார். இன்று கெடிலக்கரையில் கொஞ்சம் செங்கல் மிச்சம்.

யேலின் ஆண் வழியும் அப்படியே அற்றது. சித்தப்பா தாமஸின் வழியில் மட்டும் அமெரிக்காவில் லைனஸ் யேல் என்ற அப்பாவும் லைனஸ் யேல் என்ற மகனும் வந்தார்கள். இரண்டு பேருக்கும் பூட்டுச் செய்கிற தொழில். சின்னவர் 1861-ல் காப்புரிமை வாங்கியதுதான் உலகமெங்கும் கதவுகளில் இருக்கிற யேல் பூட்டு. ஊரார் நிலத்தைக் குண்டு போட்டு எடுத்த வம்சம், கடைசியில் தன் வீட்டைப் பூட்டிக்கொள்ளக் கற்றுக்கொண்டது. திண்டுக்கல்காரர்கள் மன்னிக்க வேண்டும்.

குண்டு உப்பலவாடியிலிருந்து யாராவது பிள்ளை நியூ ஹேவனில் படிக்கப் போவதாக இருந்தால், கட்டணச் சலுகை கேட்கும்போது ஊர்ப் பெயரை முழுதாக எழுதச் சொல்லுங்கள். ‘குண்டு’வை விட்டுவிட வேண்டாம்.