பெயர்தான் வலித்தது

2010 ஆகஸ்டில் தேசத்தின் மானம் போயிற்று. ஐசியுவில் யாரோ செத்ததால் அல்ல. ஒரு கிருமியிடம் இருந்த நொதிக்குத் தலைநகரின் பெயரை வைத்துவிட்டார்கள்: நியூ டெல்லி மெட்டல்லோ பீட்டா லாக்டமேஸ், சுருக்கமாக என்.டி.எம்-1. தில்லியில் சிகிச்சை எடுத்துக்கொண்டு ஸ்வீடன் போன ஒரு நோயாளியிடம் 2008இல் முதலில் பிடிபட்டதால் அந்தப் பெயர். லான்செட் குழும மருத்துவ இதழில் அந்த நொதி பரவியிருக்கும் கதை வந்ததும் சதி, சதி என்று நாடாளுமன்றம் வரை கூச்சல். மருத்துவச் சுற்றுலாவைக் கெடுக்க வெள்ளைக்காரன் செய்த வேலையாம். அந்தக் கட்டுரையின் முதல் ஆசிரியர் கார்த்திகேயன் குமாரசாமி, அப்போது சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாக ஆய்வாளர். அதில் வந்த கிருமிகளில் 44 சென்னையில் எடுத்தவை. பாருங்கள், சதிகாரன் தரமணியிலேயே உட்கார்ந்திருக்கிறான்!

கடைசியில் லான்செட் ஆசிரியர் ரிச்சர்டு ஹார்ட்டன் 2011 ஜனவரியில் தில்லிக்கே வந்து, ஊர்ப்பெயர் வைத்தது தவறு என்று மன்னிப்புக் கேட்டார். மானம் திரும்பிவிட்டது. நொதி மட்டும் போகவில்லை. மூன்றே மாதத்தில் இன்னொரு ஆய்வு: தில்லியில் எடுத்த 50 குழாய்த் தண்ணீர் மாதிரிகளில் 2இலும், தேங்கிய நீர் மாதிரிகள் 171இல் 51இலும் அந்த நொதியைச் செய்யும் மரபணு இருந்தது. தண்ணீருக்கு ஒன்றுமில்லை என்றார்கள் அதிகாரிகள். அவர்கள் குடிப்பது எந்தத் தண்ணீரோ.

நம் நாட்டில் லஞ்சம் கேட்காமல் வேலை செய்யும் ஒரே ஊழியர் இந்த நொதிதான். துத்தநாக அயனியைக் கையில் வைத்துக்கொண்டு, மெரோபெனம் போன்ற கடைசி மருந்துகளின் பீட்டா லாக்டம் வளையத்தை உடைத்துப் போட்டுவிடும். இதைச் செய்யும் மரபணு கிளெப்சியெல்லா என்ற கிருமியிலிருந்து ஈ.கோலை என்ற கிருமிக்கு, அதிலிருந்து அடுத்ததற்கு என்று பிளாஸ்மிட் என்னும் டி.என்.ஏ வளையம் வழியே கைமாறிவிடும். சாதி, குலம் எதுவும் கேட்காது.

இப்படிப்பட்ட நொதியைக் கண்டுபிடிக்க ராக்கெட் விட வேண்டியதில்லை. 10 மைக்ரோகிராம் மெரோபெனம் ஏற்றிய காகித டிஸ்க் ஒன்றைச் சந்தேகத்துக்குரிய கிருமி கலந்த திரவத்தில் நான்கு மணி நேரம் ஊறப் போடுவார்கள். எடுத்து, மருந்துக்கு எளிதில் சாகும் ஈ.கோலை பரப்பிய ப்ளேட்டில் வைப்பார்கள். மறுநாள் காலை டிஸ்க்கைச் சுற்றிப் பளிச்சென்று வெற்று வட்டம் இருந்தால் மருந்து பிழைத்தது. சாகவேண்டிய ஈ.கோலை டிஸ்க்கின் விளிம்பு வரை புல்லாக மண்டியிருந்தால், மருந்தை நொதி தின்றுவிட்டது. ஓர் இரவு, ஒரு டிஸ்க், ஒரு ப்ளேட், அதைப் பார்க்கத் தெரிந்த ஒரு ஆள். அந்த ஆளைத்தான் நம் மருத்துவமனைகள் பல சம்பளப் பட்டியலில் சேர்ப்பதே இல்லை. வாசலில் கிரானைட் பிள்ளையார் வைக்கப் பணம் இருக்கிறது, நுண்ணுயிரியல் லேபுக்கு இல்லை. லேப் இருந்தால் கிருமி தெரியும். கிருமி தெரிந்தால் அது எந்தக் கட்டிலிலிருந்து எந்தக் கட்டிலுக்குப் போனது, யார் கை கழுவவில்லை என்பதும் தெரியும். அது யாருக்கு வேண்டும்?

என் பெரியப்பாவை ஒரு பெரிய தனியார் மருத்துவமனையில் வைத்திருந்தோம். முதல் நாளே மெரோபெனம் ஏற்றிவிட்டார்கள்.

“கல்ச்சர் அனுப்பிட்டீங்களா டாக்டர்?”

“அதெல்லாம் நாங்க பார்த்துக்குறோம் சார். பெஸ்ட் மருந்துதான் போகுது.”

பெஸ்ட் மருந்து ஒரு நாளைக்கு மூன்று வேளை போய்க்கொண்டே இருந்தது. காய்ச்சலும் இருந்துகொண்டே இருந்தது. பதினோராம் நாள்தான் ரத்தம் கல்ச்சருக்குப் போனது. பதினைந்தாம் நாள் சாயங்காலம் ரிப்போர்ட் வந்தது: கிளெப்சியெல்லா, மெரோபெனம் கேட்காது, நொதி இருக்கிறது. பெரியப்பா அன்று காலையிலேயே போய்விட்டிருந்தார்.

பில் கவுண்டரில் ஒன்பது பக்கம் கொடுத்தார்கள். மெரோபெனம் 1 கிராம், 42 வயல். அதற்கு இரண்டு வரி கீழே, தொற்றுக் கட்டுப்பாட்டுக் கட்டணம், 14 நாள். பிழையில்லாமல் கூட்டியிருந்தார்கள்.