எக்காலத்துக்கும் சிறந்த படம் குறித்து ஒரு விண்ணப்பம்

லண்டன் மாநகரில் எழுந்தருளியிருக்கும் பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிடியூட்டின் அதிகாரிகளுக்கும், அந்த ஸ்தாபனம் நடத்திவரும் ‘சைட் அண்டு சவுண்டு’ பத்திரிகையின் ஆசிரியர் குழுவினருக்கும், கும்பகோணத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் ஒருவன் அநேக நமஸ்காரங்களுடன் எழுதிக்கொண்டது.

இங்கு யாவரும் க்ஷேமம். தங்கள் க்ஷேமத்துக்குக் குறைவிருக்க நியாயமில்லை. ஒரு பட்டியலை வெளியிட்டு, சினிமா பார்க்கும் ஜனங்களையெல்லாம் ஒருவரோடொருவர் மோதவிட்டபின், அடுத்த பத்தாண்டுக் காலம் நிம்மதியாக உறங்கும் பாக்கியம் தங்களைத் தவிர வேறு யாருக்கு வாய்த்திருக்கிறது? எங்கள் ஊரில் மகாமகம் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை வருகிறது. தாங்கள் 1952 முதல் நடத்திவரும் உற்சவமோ பத்தாண்டுக்கு ஒரு முறை. எங்கள் குளத்தில் முழுகுகிறவன் பாவம் தொலைந்தது என்ற திருப்தியோடு ஈரத்துணியுடன் வீடு திரும்புகிறான். தங்கள் பட்டியலில் முழுகுகிறவன் நாலு விரோதங்களைப் புதிதாகச் சம்பாதித்துக்கொள்ளாமல் கரையேறுவதில்லை. அவ்விதம் சம்பாதித்துக்கொண்டவர்களில் அடியேனும் ஒருவன் ஆகையால், சில சந்தேகங்களைத் தங்கள் சமூகத்தில் சமர்ப்பிக்கத் துணிகிறேன்.

முதற் சந்தேகம் ஒரு சொல்லைப் பற்றியது. ‘எக்காலத்துக்கும் சிறந்த திரைப்படம்’ என்று பிரகடனம் செய்கிறீர்கள். தமிழில் எக்காலம் என்றால் அதற்கு முடிவு கிடையாது. தங்கள் அகராதியில் அதற்கு ஆயுள் பத்து வருஷம், அந்தக் காலத்து ரேடியோ லைசென்ஸ் மாதிரி அவ்வப்போது புதுப்பித்துக்கொள்ள வேண்டியது என்று தெரிகிறது. 1952-ல் விட்டோரியோ டி சிகாவின் ‘பைசிக்கிள் தீவ்ஸ்’ முதலிடம் பெற்றபோது அது பிறந்து நான்கே வருஷம் ஆகியிருந்தது. பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற வயதுகூட நிரம்பாத குழந்தைக்குச் சிரஞ்சீவிப் பட்டம் சூட்டினீர்கள். 1962-ல் அந்தோனியோனியின் ‘லவ்வெந்தூரா’வுக்கு இரண்டாமிடம் கொடுத்தீர்கள்; அதற்கு வயது இரண்டு, அதிலும் பிறந்த வருஷமே கான் திரைப்பட விழாவில் கூச்சலையும் கேலியையும் வாங்கிக் கட்டிக்கொண்ட குழந்தை அது. பிற்பாடு என்ன நேர்ந்ததோ, தங்கள் வாக்காளர்களுக்குச் சிசுக்களிடம் இருந்த வாஞ்சை படிப்படியாகக் குன்றி, 2012-ஆம் ஆண்டின் முதற் பத்துப் படங்களில் 1968-க்குப் பிற்பட்டது ஒன்றுகூட இல்லை என்னும் நிலைமை வந்தது. போதாக்குறைக்கு, 1980-ல் ஹிட்ச்காக் காலமானார், 1982-ல் அவருடைய ‘வெர்டிகோ’ முதற் பத்துக்குள் முதன்முறையாக வந்தது. 1992-ல் சத்யஜித் ராய் காலமானார், அந்த வருஷமே ‘பாதேர் பாஞ்சாலி’ வேறு மூன்று படங்களோடு ஆறாம் இடத்தைப் பங்கிட்டுக்கொண்டது. தங்கள் பட்டியலில் இடம்பெற உத்தேசிக்கும் இயக்குநர்கள் செய்ய வேண்டிய காரியம் இன்னது என்று இதிலிருந்து யாராவது விபரீதமான அனுமானத்துக்கு வந்துவிடக்கூடாதே என்றுதான் கவலைப்படுகிறேன். ஆர்சன் வெல்ஸ் உயிரோடிருக்கும்போதே முதலிடம் பெறவில்லையா என்று தாங்கள் கேட்கலாம். பெற்றார்; பெற்றபின் சாகும்வரை தம் படங்களுக்குப் பணம் தேடி ஊர் ஊராக அலைந்தார்.

வெல்ஸின் பெயரை எடுத்ததும் என் மைத்துனரைப் பற்றிச் சொல்லவேண்டியதாகிறது. 1962 முதல் 2002 வரை ஐந்து பட்டியல்களிலும் ‘சிட்டிஸன் கேன்’ முதலிடத்தில் வீற்றிருந்ததை ஏதோ தம் பூர்விக நிலத்துப் பட்டாவைப் போல் பாவித்து வந்தவர் அவர். நானோ வெகுகாலத்துக்கு முன் சென்னையில் ஒரு ஃபிலிம் சொசைட்டியில், நடுவில் இரண்டு முறை ரீல் அறுந்த ஒரு பிரதியில், ‘வெர்டிகோ’வைக் கண்ட நாள் முதல் அதற்கு அடிமை. 2012-ல் ‘வெர்டிகோ’ 191 வாக்குகளும் ‘கேன்’ 157 வாக்குகளும் பெற்று, ஐம்பதாண்டு ராஜ்ஜியம் முப்பத்துநான்கு வாக்கில் கவிழ்ந்த செய்தி வந்த அன்று, நான் தெருமுனை மிட்டாய்க் கடையில் அரைக் கிலோ ஜாங்கிரி வாங்கி அவர் வீட்டுக்குக் கொடுத்தனுப்பியது பெருந்தன்மையான செயல் அன்று என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவ்வருஷத் தீபாவளிக்கு அவர் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. மறு வருஷமும் ஏறவில்லை.

ஆனால் ஜாங்கிரி தீர்ந்தபின் எனக்கே ஒரு சஞ்சலம் உண்டாயிற்று. முப்பத்துநான்கு வருஷம் தபாலாபீசில் கணக்கு நேர் செய்து பழகிய கை சும்மா இருக்குமா? வாக்களித்த விமர்சகர்கள் 846 பேர், ‘வெர்டிகோ’வைக் குறிப்பிட்டவர்கள் 191 பேர், ஆகவே மீதமுள்ள 655 பேர் தங்களுக்குப் பிடித்த பத்துப் படங்களில் ஒன்றாகக்கூட அதை மதிக்கவில்லை. அந்த 191 பேராவது அதையே தலைசிறந்தது என்று சொன்னார்களா என்றால், அதுவும் இல்லை; தாங்கள் அந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை! பத்துப் படங்களின் பெயரை எழுதச் சொல்கிறீர்கள். பத்துக்கும் சமமாகப் படத்துக்கொரு வாக்கு. ஒரு கல்யாணத்துக்கு வந்த ஆயிரம் விருந்தாளிகளிடம், ‘இலையில் பிடித்த பத்துப் பதார்த்தங்களைச் சொல்லுங்கள்’ என்று கேட்டால், ஒருவர் வற்றற்குழம்பையும் இன்னொருவர் பால் பாயசத்தையும் பிராணனாக நினைப்பவராயிருந்தாலும், பத்தாவதாக எதைச் சொல்லலாம் என்று விழித்துவிட்டு அநேகமாக எல்லாரும் அப்பளத்தைச் சொல்லித் தீர்ப்பார்கள். முடிவில் எக்காலத்துக்கும் சிறந்த பதார்த்தம் அப்பளம் என்று ஏற்பட்டுவிடும். அப்பளத்தை நான் இழிவாகப் பேசவில்லை. நொறுங்காத அப்பளம் என்றால் எனக்கும் இரண்டு வேண்டும்.

இந்தக் கணக்கை என் மைத்துனருக்கு நான் எழுதவில்லை. அவ்வளவு நல்லவன் அல்லன்.

2022-ல் நிகழ்ந்ததைத் தங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. வாக்காளர்களின் தொகையை 1,639-ஆக, ஏறக்குறைய இரு மடங்காகப் பெருக்கினீர்கள்; பெருக்கியதும், முந்தைய பட்டியலில் முப்பதுகளின் நடுவில் அடக்கமாக அமர்ந்திருந்த ஒரு படம், பெல்ஜியத்துப் பெண்மணி ஷாந்தால் அகெர்மான் தம் இருபத்தைந்தாம் பிராயத்தில் 1975-ல் வெளியிட்டது, ஒரே தாவலில் சிம்மாசனத்தில் ஏறிவிட்டது. பெண் ஒருவர் இயக்கிய படம் அங்கே அமர்வது அதுவே முதல் தடவை. ‘வெர்டிகோ’ இரண்டாமிடத்துக்கும் ‘கேன்’ மூன்றாமிடத்துக்கும் தள்ளப்பட்டன. ‘டாக்ஸி டிரைவ’ருக்குக் கதை வசனம் எழுதிய பால் ஷ்ரேடர், படத்தின்மேல் குறையில்லை, அது எகிறிய வேகத்தில்தான் குறை என்ற ரீதியில் பகிரங்கமாக முறையிட்டார். அன்று மாலை ஆறு மணிக்கு எங்கள் வீட்டு வாசலில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. பத்து வருஷத்துக்குப் பின், “அத்தான், பாத்தீங்களா அநியாயத்தை?” என்று கேட்டுக்கொண்டே என் மைத்துனர் உள்ளே வந்தார். நாங்கள் இருவரும் அந்தப் படத்தைப் பார்த்ததில்லை; அதனால் எங்களிடையே அபிப்பிராய பேதத்துக்கு இடமே இல்லாமல் போயிற்று. தோற்ற இரண்டு சமஸ்தானத்துத் திவான்களைப் போலத் திண்ணையில் உட்கார்ந்து நெடுநேரம் தங்களை வைதோம் என்பதை நன்றியோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

ஒன்று மட்டும் என் தொழில் நிமித்தம் எனக்குப் பிடித்திருந்தது. அப்படத்தின் தலைப்பு ‘ஜான் டீல்மான், 23, கே து கொமர்ஸ், 1080 புரூசெல்’. பெயர், கதவிலக்கம், தெரு, பின்கோடு, ஊர் என்று எல்லாம் ஒழுங்காக எழுதப்பட்ட வேறொரு தலைப்பு உலக சினிமாவில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. தபால்காரன் திகைக்காமல் கொண்டுபோய்ச் சேர்ப்பான்.

போகட்டும், விமர்சகர்கள் இவ்வாறு தீர்ப்பளித்த அதே வருஷம், 1992 முதல் தாங்கள் தனியே நடத்திவரும் இயக்குநர்களின் பட்டியலில் 480 பேர் கூடி, குப்ரிக்கின் ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’யே முதன்மையானது என்றார்கள். எங்களுக்கு இதில் ஆச்சரியமில்லை. இங்கே வாக்கியப் பஞ்சாங்கம் ஒன்றும் திருக்கணிதப் பஞ்சாங்கம் ஒன்றும் உண்டு. சனிப் பெயர்ச்சிகூட இரண்டிலும் ஒரே நாளில் வராது. ஆயினும் எந்தக் குடும்பமும் இரண்டையும் ஒரே ஆணியில் மாட்டி வைத்துக்கொண்டு கல்யாணத்துக்கு நாள் பார்ப்பதில்லை.

தங்கள் நூறு படங்களில் இந்தியப் படம் ஒன்றுதான், ‘பாதேர் பாஞ்சாலி’, அதுவும் 35-ஆம் இடத்தில் இருக்கிறது, தமிழ்ப் படமோ அறவே இல்லை என்று கண்ணீர் விடுவதற்காக நான் பேனாவை எடுக்கவில்லை. பட்டியல்களே மேல்நாட்டு மாயை என்று ஒரு காலத்தில் உபந்நியாசம் செய்துகொண்டிருந்த என் மைத்துனர், 2005-ல் ‘டைம்’ பத்திரிகை தன் நூறு படங்களில் ‘நாயக’னைச் சேர்த்துக்கொண்டதும், அந்தப் பக்கத்தை நகல் எடுத்து எங்கள் குடும்பத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த அனைவருக்கும் விநியோகித்தார் என்பதை மாத்திரம் பதிவு செய்து மேலே செல்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். சென்ற மாதம் என் மகன் அந்தப் பெல்ஜியப் படத்தின் டிவிடி ஒன்றை எங்கிருந்தோ வரவழைத்துக் கொடுத்தான். வைதது போதும், பார்த்துவிட்டு வைவோம் என்று நானும் மைத்துனரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் அமர்ந்தோம். 201 நிமிஷம். காமிரா ஓர் இடத்தில் நிறுத்தப்பட்டால் அசைவதில்லை. விதவையான ஒரு ஸ்திரீ உருளைக்கிழங்கு தோல் சீவுகிறாள், பாத்திரம் துலக்குகிறாள், பிள்ளையின் பூட்ஸுக்குப் பாலிஷ் போடுகிறாள், பிற்பகலில் வரும் ஓர் ஆடவனுக்குக் கதவைத் திறந்துவிட்டு அவன் போகும்போது பணம் வாங்கி, மேஜைமேல் உள்ள சூப்புப் பாத்திரத்தில் போட்டு மூடுகிறாள். முக்கால் மணி நேரத்துக்குள் மைத்துனருக்குக் கண் செருகிவிட்டது. நான் விழித்திருந்தேன், ஆனால் மறுநாள் கட்ட வேண்டிய மின்சாரக் கட்டணத்தைப் பற்றித்தான் சிந்தித்துக்கொண்டிருந்தேன்.

எண்பத்தாறு வயதான என் அத்தை கூடத்தின் ஓரத்தில், மடியில் முறத்தை வைத்துக்கொண்டு முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பிரெஞ்சும் தெரியாது, கீழே ஓடும் ஆங்கிலமும் தெரியாது. பிற்பகல் ஆடவர்களைப் பற்றி அவள் மூக்கைச் சுளிக்கவில்லை; “வயித்துப்பாடு. ஒத்தப் பிள்ளைய வச்சுக்கிட்டு என்ன பண்ணுவா” என்றதோடு சரி. படம் பாதிக்கு வரும் சமயம், கீரை உருவிக்கொண்டிருந்த கை நின்றது.

“டேய், கெழங்கக் கொழைய விட்டுட்டா பாரு.”

நான் பார்த்தேன். அந்த ஸ்திரீ, குழைந்துபோன உருளைக்கிழங்குப் பானையைக் கையில் ஏந்திக்கொண்டு, எங்கே கொட்டுவது என்று புரியாமல் சமையலறைக்கும் குளியலறைக்கும் நடந்துகொண்டிருந்தாள்.

“நேத்து எப்படிப் பாத்துப் பாத்துச் செஞ்சா! தலகூடக் கலைஞ்சிருக்கு. அந்தக் காசுப் பாத்திரத்த மூடாம விட்டுட்டுப் போறா. இவளுக்கு மனசு சரியில்லடா. ஏதோ விபரீதம் பண்ணப்போறா.”

அதற்கப்புறம் ஒன்றேகால் மணி நேரத்துக்கும் மேலாக அத்தை கீரையைத் தொடவில்லை. ஸ்திரீயின் கையில் ஒரு கரண்டி தவறி விழுந்தால், இவள் ‘ஐயோ’ என்றாள். காப்பி ருசிக்காமல் அவள் கொட்டிவிட்டு மறுபடியும் கலந்தபோது, ‘பால்ல குத்தமில்லடி’ என்று அவளுக்கே சமாதானம் சொன்னாள். கடைசியில் அந்த விபரீதம் நிகழ்ந்தபோது கூடத்தில் திடுக்கிடாதவள் அத்தை ஒருத்திதான், தூக்கிவாரிப்போட்டு விழித்த என் மைத்துனர், “என்ன ஆச்சு? யாரு செத்தது?” என்று என்னைக் கேட்டார். எனக்குமே அத்தையைப் பார்த்துத்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

ஆகவே, அடுத்த உற்சவத்தில் என் அத்தைக்கு ஒரு வாக்குச்சீட்டு அனுப்பிவைக்குமாறு கேட்டுக்கொள்வதே இந்த விண்ணப்பத்தின் பிரதான நோக்கம். படத்தின் பெயர் அவளுக்கு வாயில் நுழையவில்லை. ‘உருளைக்கிழங்குக்காரி’ என்று எழுதினால் செல்லும் என்று நம்புகிறேன். பாக்கி ஒன்பது பெயரை அவள் சொல்ல மறுக்கிறாள்.

ஆனால் இதில் ஓர் இடைஞ்சல் வந்து சேர்ந்துவிட்டது. ‘கேன்’ பார்க்காத ஒருவருக்கு வாக்குரிமையா என்று என் மைத்துனர் ஆட்சேபித்து, நேற்றிரவு அந்தப் படத்தை எடுத்துவந்து அத்தையை முன்வரிசையில் உட்காரவைத்தார். ஆரம்பத்துக் கோட்டைக்கும் செய்திச் சுருளுக்கும் அவள் கொட்டாவி விட்டாள். பிறகு அந்த இடம் வந்தது: உள்ளே மேஜையருகில் தாய்க்காரி தன் பிள்ளையை யாரோ ஒரு பாங்கிக்காரனிடம் ஒப்புவித்துக் கையெழுத்திடுகிறாள், தகப்பன் வேண்டாமென்று முனகுகிறான், பின்னால் ஜன்னலுக்கு வெளியே, ஒன்றும் அறியாத பையன் பனியில் விளையாடிக்கொண்டிருக்கிறான். அத்தை கண்ணிமைக்காமல் பார்த்தாள். சறுக்குப்பலகை தனியே பனியில் புதைந்து கிடப்பதைக் காட்டியதும் எழுந்துகொண்டாள்.

“பெத்தவ கையெழுத்துப் போட்டுட்டா. இனிமே அவன் எத்தன கோட்ட கட்டி என்ன, அந்தப் பலகைக்கு அழுதுகிட்டேதான் இருப்பான்” என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டாள். படம் இன்னும் ஒன்றரை மணி நேரம் பாக்கி இருந்தது.

இதை ‘கேனு’க்கு ஆதரவான வாக்காகக் கொள்வதா, படத்தை முழுமையாகப் பார்க்காமல் எழுந்து போனதால் செல்லாத வாக்காகக் கொள்வதா என்பதில் எனக்கும் என் மைத்துனருக்கும் நேற்றிரவு பத்தரை மணி முதல் பேச்சுவார்த்தை இல்லை. தீபாவளி நெருங்குகிறபடியால் தங்கள் தீர்ப்பைப் பத்தாண்டுக்குள் என்றில்லாமல், கூடிய சீக்கிரம் தெரிவிக்கப் பிரார்த்திக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர்,
கும்பகோணம் – 612001.