வலிக்காத கை

கே: கைக்கும் மணிக்கட்டுக்கும் மட்டும் ஒரு டாக்டரா? மிச்ச உடம்பை யார் பார்ப்பது? (ஒரு வாசகர், போளூர்)

ப: மிச்ச உடம்பைக் காட்டப் போனாலும் டோக்கன் வாங்கக் கை வேண்டுமே! சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் 1971-லேயே கைக்கென்று தனிப் பிரிவு தொடங்கிவிட்டார் டாக்டர் ஆர். வெங்கடசாமி.

கே: நம் பக்கத்தில் அப்படி யாரும் இல்லையா? (ஒரு வாசகர், ஆரணி)

ப: இல்லாமலா? வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் இருந்தார் டாக்டர் பால் பிராண்ட். 1914-ல் கொல்லிமலையில் பிறந்த வெள்ளைக்காரர். டாக்டருக்குப் படிக்குமுன் கட்டட வேலை கற்றவர். 1947-ல் செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையில், விரல்கள் மடங்கிப்போன ஒருவரிடம் கையைக் கொடுத்தார். அந்த ஆள் பிடித்த பிடியில் டாக்டருக்கு வலித்தது! இவ்வளவு பலம் மிச்சமிருந்தால் இந்தக் கையை ஏன் திருத்தக் கூடாது? கெடாத தசையின் நாணைப் பிரித்து, செயலிழந்த விரல்களுக்கு மாற்றித் தைத்தார். ஒரு இழை அறுந்தால் தறியையே தூக்கி எறிவோமா என்ன? கஷ்டம் அதற்குப் பிறகுதான். வளைக்க மட்டுமே பழகிய தசையிடம் 'இனி நிமிர்த்து' என்றால் உடனே கேட்காது. வாரக்கணக்கில் பயிற்சி வேண்டும்.

கே: தொழுநோய் விரலைத் தின்றுவிடும் என்கிறார்களே?

ப: தின்றது எலி. நிஜமாகத்தான். உணர்ச்சி செத்த விரலை ராத்திரியில் எலி கடித்தாலும் தெரியாது. கொதிக்கிற பாத்திரம் சுட்டாலும் தெரியாது. வீடு திரும்பும் நோயாளிகளுக்கு பிராண்ட் சீட்டில் எழுதாமல் கொடுத்த மருந்து ஒன்று உண்டு: பூனை!

கே: கை நேரானதும் கும்பிட்டிருப்பார்களே?

ப: சிலர் குறை சொல்லத் திரும்பி வந்தார்கள். நல்ல கைக்குப் பிச்சை விழவில்லையாம். சிரிக்காதீர்கள். திருவண்ணாமலையின் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் காசு போடுமுன் நாமும் கையைத்தானே பார்க்கிறோம்? கத்தி வேலை முடிந்த பிறகும் டாக்டர் வேலை முடியவில்லை. சி.எம்.சி.யில் ஒரு நிலையம் வைத்து, தச்சு வேலையும் பொம்மை செய்வதும் கற்றுக்கொடுத்தார்கள்.

கே: கோயில் வாசலில் பூக்கட்டுகிறேன். ராத்திரியில் விரல் மரத்துப்போகிறது. வாயுவா? (ஒரு வாசகி, சன்னதித் தெரு)

ப: சுண்டு விரலும் மரக்கிறதா அம்மா? அது மட்டும் தப்பித்து, கட்டை விரலிலிருந்து நடுவிரல் வரை மரத்தால், மணிக்கட்டில் நரம்பு நெரிபடுகிறதோ என்று சந்தேகப்படலாம். முற்றிவிட்டால், நரம்பை அமுக்குகிற பட்டையை அறுத்து இடம் கொடுப்பார்கள். வாயுவுக்குக் குடிக்கும் இஞ்சிச் சாறு அவ்வளவு தூரம் போகாது. தூக்கத்தில் எழுந்து கையை உதறுகிற வழக்கம் இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். அவருக்குப் பாதி வேலை மிச்சம்.